‘சகல உரிமைகளும்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திடலாமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தை முதலில் சுருக்கித் தருகிறேன். அவர் பதினோரு ஆண்டுகளாகச் சுயேச்சை ஓவியர். புத்தக அட்டைகள், சிறுவர் கதைப் படங்கள், வார இதழ்க் கோட்டோவியங்கள் என ஏறத்தாழ நானூறு படைப்புகள் செய்திருக்கிறார். வேலையெல்லாம் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பேசி முடித்தவை. இன்வாய்ஸ் உண்டு, ஒப்பந்தம் கிடையாது. அவருக்கு அதிக வேலை தரும் பதிப்பகம் இப்போது முதன்முறையாக ஓர் ஒப்பந்தத்தை அனுப்பி, பதினைந்து நாளில் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருக்கிறது. ‘இதுவரை வரைந்தவை, இனி வரைபவை அனைத்தின் சகல உரிமைகளும், உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி உட்பட’ என்பது அதன் மைய வரி.

இதே நேரத்தில் ஓவியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: பதிப்புரிமைச் சட்டம் மாறப்போகிறது, பதிவு செய்யாத படங்களை ஏஐ நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நானூறு படங்களையும் பதிய வேண்டுமா, இன்ஸ்டாகிராமிலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா, ஒரு நண்பர் சொன்னபடி படங்களைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதுமா, தன் பாணியிலேயே ஏஐ வரைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். அவருடைய சிறுவர் கதை வரிசையில் வரும் ஆந்தைக் குடும்பத்தை யாரோ டி-ஷர்ட்டில் அச்சிட்டு இணையத்தில் விற்கிறார்கள். பதிப்பாசிரியரிடம் சொன்னபோது, ‘பணம் வாங்கிவிட்டீர்கள், உங்களுக்குக் கேட்க உரிமை இல்லை’ என்று பதில் வந்திருக்கிறது. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு கலைஞரின் ராயல்டியை யாராலும் பறிக்க முடியாது என்று இவர் எங்கோ படித்திருக்கிறார். எது சரி என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியவற்றில் அவசரமானது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான். பதினைந்து நாள் என்பது பதிப்பகம் வைத்த கெடு. சட்டம் அப்படி எதுவும் சொல்லவில்லை. ‘படித்துப் பார்த்துத் திருத்தங்களுடன் அனுப்புகிறேன்’ என்று இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் ‘சரி’ என்றுகூடச் சொல்லிவைக்காதீர்கள். மற்றவற்றுக்கு நேரம் இருக்கிறது.

சட்டத் திருத்தத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தில் நானூறு படங்களைப் பதியப் பணம் செலவழித்துவிட்டு, இந்த ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்திட்டால் எல்லாம் வீண். வரப்போகும் சட்டம் எந்த வடிவில் வந்தாலும், அது தரும் பணமும் மறுக்கும் உரிமையும் பதிப்புரிமையின் உரிமையாளரிடம்தான் போய்ச் சேரும். அந்த உரிமையாளர் நீங்களா, பதிப்பகமா என்பதை நாடாளுமன்றத்துக்கு முன்பே இந்தக் காகிதம் முடிவு செய்துவிடும்.

அந்தச் செய்தியில் எது உண்மை

பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்பது தவறு. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, படத்தை வரைந்து முடித்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அது ஓவியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு என்பது விருப்பத்தைப் பொறுத்தது. பதிவு இல்லாமலேயே வழக்குத் தொடரலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்தியா உறுப்பு நாடாக உள்ள பெர்ன் உடன்படிக்கையும், பதிவு போன்ற சடங்குகளை உரிமைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது. எனவே ‘பதியாதவை இலவசம்’ என்று எளிதாக ஒரு சட்டம் கொண்டுவந்துவிட முடியாது.

செய்தியின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. டிபிஐஐடி என்று அழைக்கப்படும் மத்திய அரசுத் துறை 2025 ஏப்ரலில் ஒரு குழுவை அமைத்தது. ஏஐயும் பதிப்புரிமையும் குறித்த அதன் ஆய்வறிக்கையின் முதல் பகுதி 2025 டிசம்பரில் வெளியானது. அது முன்வைக்கும் யோசனை இது: சட்டப்படி அணுகக் கிடைக்கும் எல்லாப் படைப்புகளையும் பயிற்சிக்கு, அதாவது தங்கள் மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க, பயன்படுத்த ஏஐ நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம். படைப்பாளர் ‘என் படத்தை எடுக்காதே’ என்று விலகிக்கொள்ள வழி இல்லை. ஆனால் வருவாயில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். அரசு அமைக்கும் குழு விகிதத்தை நிர்ணயிக்கும். ஒரே மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். இதுதான் அதன் சாரம். குழுவிலிருந்த, மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் இதை ஏற்காமல், பயிற்சிக்குச் சட்ட விலக்கு வேண்டும் என்று மாறுபட்டது. ஆய்வறிக்கை சட்டமாகிவிடாது, நாடாளுமன்றத்தில் திருத்தம் நிறைவேற வேண்டும். இதற்கிடையே, இன்றைய சட்டத்திலேயே ஏஐ பயிற்சி அனுமதிக்கப்பட்டதா என்ற கேள்வியை, ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் தொடுத்த வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தது.

கட்டாய உரிமம் வந்தால் உங்கள் கையிலிருந்து போவது மறுக்கும் உரிமை. வருவது ராயல்டியில் ஒரு பங்கு, அதுவும் உரிமையாளர் நீங்களாக இருந்தால். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் எடுத்த வழி வேறு. அங்கே பயிற்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் கணினி படிக்கும் வடிவில் மறுப்புத் தெரிவித்து விலகலாம். அங்கும் மறுக்கும் அதிகாரம் உரிமையை வைத்திருப்பவருக்கே. எந்த வழியைப் பார்த்தாலும் கேள்வி திரும்ப ஒப்பந்தத்துக்கே வந்து நிற்கிறது.

முந்தைய திருத்தங்களில் ஓவியர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் படித்த 2012 செய்தி அங்கிருந்துதான் வருகிறது. 1994 திருத்தம் 53ஏ பிரிவைக் கொண்டுவந்தது. மூல ஓவியம் ₹10,000-க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கு அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு என்கிறது அது. நல்ல எண்ணம்தான். ஆனால் விற்பனையைக் கண்காணிக்கவும் வசூலிக்கவும் யாரும் இல்லாததால் அது பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிட்டது. 2012-இல் வந்த ‘விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி’ பாடலாசிரியர், கதை வசன எழுத்தாளர், இசையமைப்பாளர் ஆகியோருக்கு மட்டும். சட்டத்தின் சொற்கள் ‘இலக்கிய, இசைப் படைப்பு’ என்றே இருக்கின்றன. ஓவியம் அந்தப் பட்டியலில் இல்லை. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் திரண்டு குரல் கொடுத்தார்கள், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையிலேயே பேசினார், வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கமும் இருந்தது. ஓவியர்களுக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. எனவே நீங்கள் படித்தது உங்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தம் பறித்தால் உங்கள் ராயல்டி பறிபோகும்.

படம் யாருடையது?

‘பணம் வாங்கிவிட்டீர்கள், உரிமை இல்லை’ என்ற பதிப்பாசிரியரின் பேச்சு பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதில்தான் உங்கள் பதினோரு ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள்.

சட்டத்தின் 17-வது பிரிவு, படைப்பாளரே முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. பிறகு விதிவிலக்குகள். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியரின் படைப்பு முதலாளிக்குச் சேரும். நீங்கள் இன்வாய்ஸ் கொடுத்துக் கட்டணம் வாங்குபவர். அவர்களும் தொழில்முறைக் கட்டணம் என்றே டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். அந்தச் சான்றுகளை எடுத்து வையுங்கள், நீங்கள் ஊழியர் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. வார இதழ்களுக்கான விதிவிலக்கும் ஊழியர்களைப் பற்றியதே.

கவனிக்க வேண்டியது (பி) உட்பிரிவு. ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படம், தீட்டப்பட்ட ஓவியம், உருவப்படம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தம் போடாமல் வேலை செய்யும் ஓவியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எழுத்தாளர் ஒப்பந்தம் போடாமல் கதை கொடுத்தால் உரிமை அவரிடமே தங்கும். ஓவியர் ஒப்பந்தம் போடாமல் அட்டைப்படம் தீட்டிக் கொடுத்தால் அது கைமாறிவிடக்கூடும். எத்தனையோ திருத்தங்கள் வந்தும் இந்த அநீதி நீங்கவில்லை. திரைப்படத்தில் இடம்பெறும் படைப்புகளுக்கு மட்டும் 2012-இல் ஒரு பாதுகாப்புச் சேர்த்தார்கள்.

உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ‘கலைப் படைப்பு’ என்பதற்கு விளக்கம் தரும் 2(சி) பிரிவு, தீட்டிய ஓவியத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. 17(பி)-இல் கோட்டோவியம் இல்லை. ஆகவே வார இதழ்க் கோட்டோவியங்களும், கதைகளுக்குள் வரும் கோட்டுப் படங்களும் உங்களுடையவை என்று வலுவாக வாதிடலாம். முழு வண்ண அட்டைகளில் எதிர்த்தரப்புக்கு வலு அதிகம். டேப்லெட்டில் வரைந்த வண்ணப் படம் எந்த வகை என்பதில் இரு தரப்புக்கும் வாதம் உண்டு.

உரிமை உங்களிடம் இருக்கும் படங்களை நீங்கள் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்தால், இல்லை. 19-வது பிரிவின்படி, எழுத்தில் இல்லாத, உரிமை கொடுப்பவர் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. பேசிய நூலுக்குப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் இல்லை. ‘இதுவரை வரைந்தவை’ என்ற சொற்கள் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இத்தனை ஆண்டு இல்லாத கையெழுத்தை இப்போது, புதிதாக ஒரு ரூபாய்கூடத் தராமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த மைய வரி வேறு எதையெல்லாம் அழிக்கிறது என்றும் பாருங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் மட்டுமே. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. ‘நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்’ என்று எழுதிவிட்டால் இரண்டும் போயிற்று. மாற்றம் செய்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத பயன்பாட்டு முறைகளுக்கு, அவற்றைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால், அந்த மாற்றம் பொருந்தாது என்பது 2012-இல் 18-வது பிரிவில் சேர்ந்த பாதுகாப்பு. இது ஓவியர்களுக்கும் உண்டு. ‘இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களும்’ என்ற பொத்தாம்பொதுவான சொற்கள் அதைத் தாண்டுமா என்று வாதிடலாம். ஆனால் ‘செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி’ என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்களே, அங்கே வாதத்துக்கு இடமில்லை.

எதில் கையெழுத்திட்டாலும் உங்களிடம் தங்குவது 57-வது பிரிவின் தார்மிக உரிமை: படைத்தவர் நான் என்று கோருவது, என் மதிப்பைக் கெடுக்கும்படி சிதைக்காதே என்று தடுப்பது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த சுவர்ச் சிற்பத்தை அரசு அகற்றிச் சேதப்படுத்தியபோது, டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் ₹5 லட்சம் இழப்பீடும், எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிட்டது இந்தப் பிரிவின் கீழ்தான். ஒப்பந்தத்தில் ‘தார்மிக உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

என்ன திருத்தம் கேட்க வேண்டும்

பதிப்பகத்தோடு உறவை முறித்துக்கொள்ளத் தேவையில்லை. அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது நூலைத் தடையில்லாமல் அச்சிட்டு விற்பது. அதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உரிமையாளர்: ‘இப்படைப்பின் பதிப்புரிமைக்கு ஓவியரே முதல் உரிமையாளர் என்றும், சட்டத்தின் 17(பி) பிரிவு இதற்குப் பொருந்தாது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.’ வேறு எதை விட்டாலும் இந்த ஒரு வரியை விடாதீர்கள். சட்டமே ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால்’ என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சிறு வேலைகளுக்கு, தொடங்குவதற்கு முன் அனுப்பும் மின்னஞ்சலிலேயே இதை எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகு தூரிகையைத் தொடுங்கள். முடித்த பிறகு இன்வாய்ஸின் அடியில் அச்சிட்டு அனுப்புவது தாமதமான அறிவிப்பு. ஒப்பந்தம் என்று சொல்வது கடினம்.

உரிமம்: உரிமை மாற்றத்துக்குப் பதிலாக, உரிமை உங்களிடமே இருக்க, பயன்படுத்த மட்டும் அனுமதி தருவது இது. ‘இந்த நூலின் தமிழ் அச்சுப் பதிப்பு, மின்னூல், அந்நூலின் விளம்பரம் ஆகியவற்றுக்கு, 5 ஆண்டுகளுக்கு, பிறருக்குத் தராமல் இவர்களுக்கே’ என்று உரிமம் கொடுங்கள். காலம் முடிந்த பிறகும் அச்சிட்ட பிரதிகளை விற்றுத் தீர்க்கலாம் என்று சேர்த்தால் அவர்களின் கவலை தீரும். மொழிபெயர்ப்புப் பதிப்பு, பொம்மை, சட்டை, அனிமேஷன் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம்.

ஏஐ: ‘இப்படைப்பை இயந்திரக் கற்றல் அல்லது செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தவோ, அதற்காகப் பிறருக்கு அளிக்கவோ பதிப்பகத்துக்கு உரிமை இல்லை. அத்தகைய பயன்பாட்டுக்காக எந்தச் சட்டத்தின் கீழ் எப்போது ஊதியம் கிடைத்தாலும் அது ஓவியருக்கே உரியது.’ இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். கட்டாய உரிமம் வந்துவிட்டால் முதல் வாக்கியத்தால் மூன்றாம் தரப்பைத் தடுக்க முடியாது. இரண்டாவது வாக்கியம் அப்போது பணத்தைக் காப்பாற்றும். பதிப்பகம் பிடிவாதம் பிடித்தால் பாதிப் பங்குவரை இறங்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம்.

பழைய வேலைகள்: ‘இதுவரை வரைந்தவை’ என்பதை முழுவதுமாக நீக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சில பழைய படங்கள் வேண்டுமென்றால் பெயர் வாரியாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதித் தனி ஒப்பந்தம் போடட்டும். படைப்பை அடையாளம் காட்ட வேண்டும், ராயல்டியோ வேறு பலனோ குறிப்பிட வேண்டும் என்று 19-வது பிரிவே கேட்கிறது.

பொறுப்பேற்பு: பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில் ‘எந்த வழக்கு வந்தாலும் ஓவியரே முழு நஷ்டத்தையும் ஏற்பார்’ என்று இருக்கும். அதை ‘ஓவியர் இந்த வேலைக்குப் பெற்ற தொகை வரை’ என்று வரம்பிடுங்கள். இதோடு ஏஐ கருவிகளைப் பயன்படுத்தவில்லை என்ற உறுதிமொழியும் வரும். பின்னணிக்கோ நிறத்துக்கோ அத்தகைய கருவியைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே படைப்பாளர் என்று 2(டி) பிரிவு சொன்னாலும், அது 1994-இல் சேர்ந்த வாசகம். இன்றைய ஏஐ படங்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்தில் இருக்கிறது. உங்கள் கை பட்ட பகுதி எது என்று காட்டும் லேயர் கோப்பு (படத்தின் அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பு) அப்போது கைகொடுக்கும்.

இவற்றில் எதையுமே ஏற்காமல், ‘இதுதான் ஒப்பந்தம், இல்லையென்றால் வேலை இல்லை’ என்றால்? அந்த முடிவு உங்களுடையது; மாத வருமானத்தை நான் எடை போட முடியாது. அப்போதும், இனி வரைபவற்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு பழையவற்றை வெளியே வைக்கப் பாருங்கள். கட்டணத்தையும் அதற்கேற்ப உயர்த்திக் கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் விற்பது ஓர் அட்டைப்படத்தை அல்ல, அந்தப் படத்தின் மொத்த ஆயுளை.

பதிவு, தபால் உறை, இன்ஸ்டாகிராம்

ஒரு கலைப் படைப்பைப் பதியக் கட்டணம் ₹500. சரக்கு அல்லது சேவை தொடர்பாகப் பயன்படக்கூடியது என்றால் ₹2,000. அதோடு வணிகச் சின்னப் பதிவாளரிடமிருந்து ஒரு சான்றும் வேண்டும். நானூறு படங்கள் என்றால் குறைந்தது ₹2 லட்சம். வேண்டாம். பதிவு தருவது, நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது மாறாக நிரூபிக்கப்படும்வரை, ஏற்கப்படும் ஒரு பதிவேட்டுக் குறிப்பு. அது தேவைப்படும் படங்களுக்கு மட்டும் செலவழியுங்கள்: ஆந்தைக் குடும்பத்தின் முக்கியக் கதாபாத்திரங்கள், அதிகம் நகலெடுக்கப்படுபவை, பொருள்களில் அச்சிட நினைப்பவை. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்பினால் டைரி எண் எனப்படும் விண்ணப்ப எண் கிடைக்கும். ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை. உரிமையில் பதிப்பகத்துக்கும் பங்கு இருக்கலாம் என்ற படங்களுக்கு அவர்களின் தடையின்மைச் சான்றைக் கேட்பார்கள். முதல் உரிமையாளர் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளச் சொல்வது இதனாலும்தான்.

தபால் உறையை மறந்துவிடுங்கள். திறந்த உறையை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு உள்ளே படத்தை வைத்து ஒட்டலாம் என்பது எந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியும். அதைவிட வலுவான சான்றுகள் உங்களிடம் ஏற்கெனவே கிடக்கின்றன: பென்சில் முன்வரைவு, லேயர்களை ஒன்றாக்காத மூலக் கோப்பு, வாடிக்கையாளருடன் நடந்த மின்னஞ்சல், இன்வாய்ஸ், பணம் வந்த வங்கிக் குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு ஐந்தையும் சேர்த்து, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். லேயர் கோப்பை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்காதீர்கள். கேட்டால் தட்டையாக்கிய கோப்பைக் கொடுங்கள். வாட்ஸ்அப் அரட்டை போனோடு தொலையும் பொருள், அதை இப்போதே ஏற்றுமதி செய்து சேமியுங்கள்.

இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கினால், ஏற்கெனவே சேகரிக்கப்பட்டது திரும்பி வராது. உங்களுக்கு வரும் வேலை மட்டும் குறையும். நீண்ட பக்கம் 1,200 பிக்சலுக்குள் சுருக்கிப் போடுங்கள், கையெழுத்தை வெட்டி எறிய முடியாதபடி படத்துக்குள்ளேயே இடுங்கள், கோப்போடு சேர்ந்தே போகும் விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவில் பெயர், ஆண்டு, தொடர்பு முகவரியை நிரப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இதை உதிர்த்துவிடும்; ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். இதற்குச் சட்டக் காரணங்களும் உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் கேட்க 31ஏ பிரிவு வழி விடுகிறது. பெயரில்லாமல் சுற்றும் படம் அந்தப் பக்கம் நகர்கிறது. பெயர் போட்ட படத்திலிருந்து அந்த விவரத்தைத் தெரிந்தே அழிப்பது 65பி பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை. பெரிய அளவுப் படங்களைக் கடவுச்சொல் போட்ட பக்கத்தில் வையுங்கள். ஆய்வறிக்கை முன்வைக்கும் கட்டாய உரிமம்கூடச் ‘சட்டப்படி அணுகக் கிடைப்பவற்றுக்கு’ மட்டும்தான். பூட்டை உடைத்து எடுப்பதற்கு அதில் இடமில்லை. கிளேஸ், நைட்ஷேட் போன்ற மென்பொருள்கள் ஏஐ கற்றலைக் குழப்ப முயல்பவை. பயன்படுத்தலாம், ஆனால் அவற்றை நம்பி வேறு எதையும் தளர்த்தாதீர்கள்.

உங்கள் பாணியில் ஏஐ வரைந்துவிட்டால் என்ற கேள்விக்குக் கசப்பான பதில்தான் உண்டு. பாணிக்கும் கருத்துக்கும் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்கு மட்டுமே என்பது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கோட்பாடு. உங்கள் ஆந்தையின் முகமும் உடையும் நிற்கும் விதமும் அப்படியே வந்தால் கேட்கலாம். ‘இவரைப் போலவே இருக்கிறது’ என்பதற்குக் கேட்க முடியாது.

இன்னொன்றையும் உங்கள் குழுவில் பேசுங்கள். முன்மொழியப்பட்ட ராயல்டியைப் பிரித்துக் கொடுக்கும் மைய அமைப்பில் தனிநபர்கள் உறுப்பினராக முடியாது, படைப்பு வகை வாரியான சங்கங்களே முடியும் என்பது ஆய்வறிக்கையின் யோசனை. ஓவியர்களுக்குச் சங்கம் இல்லாவிட்டால் 53ஏ-யின் கதை மீண்டும் நடக்கும். 33-வது பிரிவின் கீழ் ஒரு பதிப்புரிமைச் சங்கத்துக்கு விண்ணப்பிக்க ஏழு உரிமையாளர்கள் சேர்ந்தால் போதும். பதிவும் கணக்கும் நிர்வாகமும் கடினமான வேலைதான். ஆனால் ஃபார்வேர்டாக வந்த செய்தியை இன்னொரு குழுவுக்கு அனுப்புவதைவிட அது பயனுள்ளது.

டி-ஷர்ட் விஷயம்

விற்பவருக்கு எதுவும் அனுப்பும் முன், ஆந்தைகளின் உரிமை உங்களுடையது என்று பதிப்பகத்திடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்க முயலுங்கள். மேலே சொன்ன ஒப்பந்தப் பேச்சிலேயே இதையும் சேர்க்கலாம். உரிமை அவர்களுடையது என்று முடிந்தால் பதிப்புரிமை மீறலுக்கு வழக்குத் தொடர வேண்டியவர்கள் அவர்கள். உங்களுக்கு 57-வது பிரிவு மட்டும் இருக்கும்.

பிறகு சான்று. விற்பனைப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி படமெடுங்கள். ஒரு சட்டையை வாங்கி, பில்லோடும் பார்சல் உறையோடும் வையுங்கள். மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். எந்தக் கருவியில், எப்போது எடுத்தீர்கள் என்று அன்றே குறித்துவையுங்கள்.

அடுத்து, விற்பனைத் தளத்துக்கு எழுத்தில் புகார். பெரும்பாலான தளங்களுக்குச் சொந்தப் புகார்ப் படிவம் உண்டு, முதலில் அதையே பயன்படுத்துங்கள். நகரவில்லை என்றால் 52(1)(சி) பிரிவும் 2013 பதிப்புரிமை விதிகளின் 75-வது விதியும் இருக்கின்றன. படைப்பின் விவரம், உரிமைச் சான்று, மீறல் இருக்கும் இணைய முகவரி, 21 நாளில் நீதிமன்ற உத்தரவைத் தருவேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம். ஆகவே வழக்குப் போடத் தயாரில்லாமல் இந்தப் படியில் கால் வைக்காதீர்கள்.

விற்பவருக்கு அனுப்பும் நோட்டீஸில் ‘சிறை’, ‘போலீஸ்’ என்று எழுதத் தோன்றும். 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை இருப்பது உண்மைதான், அது பிணையில் விட முடியாத குற்றம் என்றும் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. ஆனால் உரிமை உங்களுடையதுதானா என்பதே தெளிவாகாத நிலையில் மிரட்டினால், ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 60-வது பிரிவின் கீழ் அவர் உங்கள் மீதே வழக்குப் போடலாம். விற்பனையை நிறுத்துவது, விற்ற எண்ணிக்கையைச் சொல்வது, லாபத்தில் இழப்பீடு தருவது என்று மூன்று கோரிக்கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழக்கு என்று வந்தால் விற்பவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 62-வது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே தொடரலாம். உடனடித் தடை கேட்காத வணிக வழக்கானால் முதலில் சமரச மையத்துக்குப் போக வேண்டியிருக்கும், பல டி-ஷர்ட் வழக்குகள் அங்கேயே முடிந்துவிடக் கூடியவை. இழப்பீடு கேட்க மீறல் நடந்ததிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். நீங்களே ஆந்தைச் சட்டைகளையும் குவளைகளையும் விற்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் 15-வது பிரிவைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். வடிவமைப்புகளுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல், பொருளில் ஐம்பது முறைக்கு மேல் தொழில்முறையில் நீங்களோ உங்கள் அனுமதியோடு மற்றவரோ உருவாக்கினால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது அது. உங்கள் மூல ஓவியத்துக்கு அது பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் தராமல், முதல் சட்டையை வெளியிடுவதற்கு முன்பே வடிவமைப்புப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுவது மேல். வெளியான பிறகு அந்தப் பதிவு கிடைக்காது.